ஓரகத்தியின் பதிவு எண்

கிளினிக் சுவரில் டாக்டரம்மாவின் பட்டங்களுக்குக் கீழே ஒரு சாண் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் ஆணி அடித்தது மூத்தவள்தான். சட்டம் போட்ட சான்றிதழை நீட்டிக்கொண்டு கீழே நின்றவள் இளையவள். கண்ணாடிக்குள் இளையவளின் பெயர், ஒரு முத்திரை, ‘பதிவு பெற்ற பல் மருத்துவ உதவியாளர்’ என்ற வரி, அதன் கீழே ஆறு இலக்கத்தில் ஓர் எண்.

“இடப்பக்கம் கொஞ்சம் சாஞ்சிருக்காக்கா?”

“நேராத்தான் இருக்கு” என்றாள் மூத்தவள். உண்மையில் சாய்ந்துதான் இருந்தது. முக்காலியிலிருந்து இறங்கும்போது அதை நன்றாகவே பார்த்தாள். பார்த்துவிட்டு, முக்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் மூத்தவள், தம்பியைக் கட்டியவள் இளையவள். ஒரே வீட்டில் மூத்தவள் குடும்பம் கீழே, இளையவள் குடும்பம் மாடியில். மூத்தவள் இந்தக் கிளினிக்கில் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. கையில் ஒரு காகிதம் கிடையாது. ஆனால் தெரியாத வேலையும் கிடையாது. டாக்டரம்மா கையை நீட்டினால் போதும், எந்தக் கருவி வேண்டும் என்று வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. நோயாளியின் கன்னத்தை விலக்கிப் பிடித்து, உறிஞ்சு குழாயை எச்சில் தேங்கும் இடத்தில் அவள் வைத்தால், தொண்டைக்குள் ஒரு சொட்டு இறங்காது. பல் பிடுங்க வரும் தொடைநடுங்கிகள் டாக்டரம்மாவைத் தேடுவதற்கு முன் இவளைத்தான் தேடுவார்கள்.

இளையவளைக் கூட்டிக்கொண்டு வந்து முன்மேசையில் உட்கார வைத்ததும் இவளேதான். “வீட்டுல சும்மாதான் இருக்கா டாக்டர், போன் எடுக்கட்டும்” என்று ஐந்து வருஷத்துக்கு முன் சிபாரிசு செய்தாள்.

போன் எடுக்க வந்தவள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். கருவிகளை நீராவிப் பெட்டியில் ஏன் அவ்வளவு நேரம் வைக்க வேண்டும்? பல் அச்சு எடுக்கிற மாவில் தண்ணீர் கூடினால் என்ன ஆகும்? மூத்தவளுக்கு இதெல்லாம் கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. “அப்படித்தான் பண்ணணும், பண்ணு” என்பாள். இளையவள் பண்ணினாள். ஆனால் ஏன் என்று தெரிந்துகொள்ள மாலை வகுப்பில் சேர்ந்தாள். இரண்டரை வருஷம் முன்மேசையில் இருந்தவள் பிறகு உள்ளே நோயாளி படுக்கும் நாற்காலிப் பக்கம் வந்தாள். படித்தாள், எழுதினாள், தேறினாள், பதிவு எண் வாங்கினாள்.

இதற்கு நடுவில் பல் மருத்துவக் கவுன்சிலிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. படிக்காமலே வேலை பழகியவர்களுக்கு ஒரு சலுகை: பத்து வருஷ அனுபவம் இருந்தால் சின்னத் தேர்வு ஒன்றை எழுதி நேராகப் பதிவு செய்துகொள்ளலாம். ஒரு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும், அவ்வளவுதான்.

“அக்கா, இது உங்களுக்குன்னே போட்ட மாதிரி இருக்கு. இப்பவே மனுவை எழுதிடலாமா?” என்று இளையவள் அன்றைக்கே கேட்டாள்.

“என் கைக்கு எவன் வந்து சர்டிபிகேட் கேட்கப் போறான்?” என்று சொல்லி, மூத்தவள் அந்தக் கடிதத்தைக் கையுறை டப்பாவுக்கு அடியில் செருகிவிட்டாள். டப்பா காலியாகி, வேறு டப்பா வந்து, அதுவும் காலியானது. வருஷமும் போனது.

அதனால்தான் சுவரில் இளையவளின் சான்றிதழைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு அப்படி எரிந்தது. இளையவள் எதையும் தட்டிப் பறித்திருந்தால், மறைத்திருந்தால், நாலு வார்த்தை திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். பழி போட ஒரு துரும்புகூட அகப்படவில்லை.

சான்றிதழை மாட்டி ஒரு மாசம் ஆவதற்குள் புது விதி வந்தது. டாக்டரம்மா மூத்தவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“இனிமே பதிவு இல்லாதவங்க நோயாளி வாய்கிட்டயே போகக்கூடாதாம். பயிற்சியில சேர்ந்திருந்தா மட்டும் போகலாம். நீ சேர்ந்துடு. நானூறு மணி நேரம். தினமும் என்ன வேலை பார்த்தேன்னு ஏட்டுல எழுதணும், பதிவு உள்ள ஒருத்தர் பக்கத்துல நின்னு பார்த்து கையெழுத்துப் போடணும். அப்புறம் பரீட்சை.”

“நீங்க போட்டுடுவீங்கல்ல டாக்டர்?”

“நான் பல்லைப் பார்க்கட்டுமா, உன் கையைப் பார்க்கட்டுமா? அவ பார்த்துக்கட்டும்.”

‘அவ’ அப்போது கதவருகில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அந்தப் பணிவே மூத்தவளுக்கு முள்ளாகக் குத்தியது.

முதல் நாள் ஏடு திரும்பி வந்தபோது அதில் இளையவளின் குண்டுக் குண்டான எழுத்தில் இரண்டு வரி இருந்தது. ‘உறிஞ்சு குழாய் கையாளுதல்: மிக நன்று. வேலைக்கு நடுவில் கையுறையோடு இழுப்பறைப் பிடியைத் தொட்டார், கையுறை மாற்றவில்லை.’

மூத்தவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

“இதை எழுதித்தான் ஆகணுமா? வாயால சொன்னா எனக்குக் காது கேட்காதா?”

“பார்த்ததை எழுதணும்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்குக்கா. நான் மறைச்சா, நாளைக்குப் பரீட்சையில உங்களைத்தான் பிடிப்பாங்க.”

“பன்னெண்டு வருஷமா அந்தப் பிடியைத் தொடறேன். ஒருத்தன் செத்துப் போகலை.”

“தெரியும்கா” என்றாள் இளையவள் மெல்ல. ஆனால் எழுதியதை அடிக்கவில்லை.

மறுநாளிலிருந்து மூத்தவள் இழுப்பறைப் பக்கம் போகும்போதெல்லாம் யாரோ தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது போல் உணர்ந்தாள். வேலையில் தப்பு குறைந்தது. மனசில் குமைச்சல் கூடியது.

ஒரு சாயங்காலம் வீட்டில் சாப்பாடு போடும்போது புருஷன் சொன்னார்: “தம்பி பொண்டாட்டி அடுத்த படிப்புக்கு மனுப் போட்டிருக்காளாமே, தெரியுமா? ஹைஜீனிஸ்டாம். தனி அறை, தனி நாற்காலி. டாக்டர் மாதிரி அவளே உட்கார்ந்து பல்லுக்குக் காரை எடுப்பாளாம். தம்பிக்குத் தலைகால் புரியலை.”

“ஓ” என்றாள் மூத்தவள்.

“மூணு வருஷம் நாற்காலிப் பக்கம் வேலை பார்த்திருந்தாத்தான் எடுத்துப்பாங்களாம். டாக்டரம்மா அஞ்சு வருஷம்னு கடிதம் குடுத்துட்டாங்களாம். கெட்டிக்காரிதான், என்ன சொல்றே?”

மூத்தவள் குழம்பைக் கிளறினாள். மனசுக்குள் கணக்கு ஓடியது. கிளினிக்கில் ஐந்து வருஷம் என்பது வாஸ்தவம். அதில் பாதி முன்மேசையில் போனது. நாற்காலிப் பக்கம் வந்து இரண்டரை வருஷம்தான். புருஷன் குழம்பு கேட்டது இரண்டாம் முறைதான் அவள் காதில் விழுந்தது.

அந்த வாரம் புதன்கிழமை, முன்மேசைப் பெண் வரவில்லை. மூத்தவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். உள்ளே டாக்டரம்மா ஒருவருக்கு வேர்ச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார், பக்கத்தில் இளையவள். போன் அடித்தது. பேசியவர் ஒரு பெண், கல்லூரிச் சேர்க்கைப் பிரிவிலிருந்து. தேன் ஒழுகும் குரல். உங்கள் கிளினிக்கிலிருந்து வந்த மனுவைச் சரிபார்க்க வேண்டும், டாக்டரோடு பேச முடியுமா என்று கேட்டார்.

‘டாக்டர் வேலையா இருக்காங்க, அரை மணி கழிச்சுக் கூப்பிடுங்க.’ தினமும் இருபது பேரிடம் சொல்கிற வார்த்தைதான் அது. நாக்கு நுனிவரை வந்தது.

“டாக்டர் உள்ளே இருக்காங்க. என்ன விவரம்னு சொல்லுங்க, நான் இங்க பன்னெண்டு வருஷமா இருக்கேன்” என்றாள் மூத்தவள்.

“ஓ, சீனியரா? ரொம்ப நல்லது. இவங்க அஞ்சு வருஷம் வேலை பார்த்ததா இருக்கு. முழுக்க நாற்காலிப் பக்கம்தானா?”

“இல்லைங்க. முதல்ல ரெண்டரை வருஷம் முன்மேசை. அப்புறம்தான் உள்ளே வந்தா.”

“அப்ப நாற்காலிப் பக்கம் ரெண்டரை?”

“ஆமா. ரெண்டரைதான்.”

நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். மூத்தவளும் போனை வைத்தாள். பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

பத்து நாளில் கடிதம் வந்தது. மனு தள்ளுபடி: நாற்காலி அனுபவம் போதவில்லை. இளையவள் அதைக் கருவி கழுவும் அறையில் வைத்துப் பிரித்தாள். குழாயைத் திறந்தபடி விட்டுவிட்டு அப்படியே நின்றாள். மூத்தவள்தான் குழாயை மூடினாள்.

“எப்படிக்கா? டாக்டரம்மா கடிதம் குடுத்தாங்களே?”

“யாராவது கணக்குப் போட்டுப் பார்த்திருப்பாங்க” என்றாள் மூத்தவள், தட்டைத் துடைத்தபடி.

“என்ன கணக்கு? முன்மேசையில இருந்தப்பவும் நீங்க வராத நாளெல்லாம் நான்தானே உள்ளே நின்னேன்? உங்க பாப்பா கையை உடைச்சுக்கிட்டப்போ ஆறு வாரம். உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்தப்போ ரெண்டு மாசத்துக்கு மேல. அதெல்லாம் சேர்த்தா மூணு வருஷம் தாண்டுமே. அது யார் கணக்குல வரும்?”

மூத்தவளின் கை நின்றது. மஞ்சள் காமாலை. அந்த இரண்டு மாசமும் கண் மஞ்சளாய், எழுந்து உட்காரத் தெம்பில்லாமல் கிடந்தாள். இளையவள்தான் காலையில் கீழே வந்து கஞ்சி வைத்துவிட்டு, பாப்பாவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கிளினிக்குக்குப் போய் முன்மேசையையும் நாற்காலியையும் சேர்த்துப் பார்த்தாள். அதை மூத்தவள் மறந்தே போயிருந்தாள். போனில் ‘ரெண்டரைதான்’ என்று அழுத்திச் சொன்னபோது அந்தக் கஞ்சிப் பாத்திரம் ஞாபகத்துக்கு வந்திருக்கக் கூடாதா?

மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நினைத்தது நடந்துவிட்டது, இளையவள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். சந்தோஷமாக இருக்க வேண்டியதுதானே? மாடிப்படியில் அவள் காலடிச் சத்தம் கேட்டால் இவள் சமையலறைக்குள் ஒதுங்கினாள். புருஷன், “தம்பி பொண்டாட்டி முகமே சரியில்லை, நீ கொஞ்சம் பேசிப் பாரேன்” என்றபோது சுள்ளென்று விழுந்தாள்.

நான்காம் நாள் மதியம், எல்லாரும் சாப்பிடப் போனபின், மூத்தவள் சாமான் அறையைத் திறந்தாள். பழைய நோயாளி டைரிகள் வருஷவாரியாக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு நாள் பக்கத்திலும் மேல் மூலையில் அன்றைக்கு உள்ளே நின்றது யார் என்று குறித்திருக்கும். ஒரு தாளை எடுத்துக்கொண்டு தரையில் சப்பணமிட்டாள். தான் வராத நாளை எல்லாம் ஒவ்வொன்றாக எழுதினாள். பாப்பாவின் கை, காமாலை, பிறந்த வீட்டு விசேஷம், காய்ச்சல், காரணம் ஞாபகமில்லாத திங்கட்கிழமைகள். ‘ஒரு நாள்கூட மட்டம் போடாதவள்’ என்று இத்தனை காலம் தன்னைப் பற்றி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று மதியம் ஆயிற்று. நூற்று அறுபத்து மூன்று வேலை நாள் வந்தது, அரை வருஷத்துக்கு மேல். நூற்று அறுபத்து மூன்றிலும் மூலையில் இருந்தது இளையவளின் பெயர்.

தாளைக் கொண்டுபோய் டாக்டரம்மாவின் மேசையில் வைத்தாள்.

“இதைக் கல்லூரிக்கு அனுப்புங்க டாக்டர். டைரியும் இருக்கு, கேட்டா காட்டலாம்.”

டாக்டரம்மா படித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “அவங்ககிட்ட ரெண்டரை வருஷம்னு யார் சொன்னா? நான் சொல்லலையே?”

“நான்தான். போன் வந்துச்சு.”

“என்கிட்ட ஏன் குடுக்கலை?”

மூத்தவள் தரையைப் பார்த்தாள். சொல்லுவதற்கு நாலைந்து சாக்கு இருந்தது. “வயித்தெரிச்சல்தான் டாக்டர்” என்றாள்.

டாக்டரம்மா தாளை மடித்து ஓர் உறைக்குள் வைத்தார். “நான் அனுப்பறேன். அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்.”

அன்று இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை, சுற்றி வளைத்தால் சொல்லாமலே வீடு போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று தெரியும். இளையவள் நடந்துகொண்டே கேட்டாள், பிறகு நின்றாள்.

“நீங்க முழுப் பொய் சொல்லியிருந்தா நடுத்தெருன்னு பார்க்காம சண்டை போட்டிருப்பேன்கா. பாதி உண்மையைச் சொல்லியிருக்கீங்க. இதை வச்சுக்கிட்டு நான் யார்கிட்ட போய் என்னன்னு அழுறது?”

“திட்டிடு.”

“திட்டினா உங்களுக்கு ஆறிடும். எனக்கு?”

பேருந்து வந்தது. இளையவள் முன்வாசலில் ஏறி முன்பக்கம் உட்கார்ந்தாள். மூத்தவள் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இடம் காலியாக இருந்தும்.

கல்லூரி பதில் எழுதியது. நாள் கணக்கை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் இந்த முறை இடங்கள் நிரம்பிவிட்டன, ஆறு மாசம் கழித்து அடுத்த பிரிவில் சேரலாம் என்றார்கள். ஆறு மாசம் போனது போனதுதான்.

அந்த ஆறு மாசமும் இளையவள் அவளிடம் வேலைப் பேச்சு மட்டும் பேசினாள். “குழாய்.” “வெளிச்சம்.” “அடுத்த தட்டு.” வீட்டில் அதுவும் இல்லை. ஏட்டில் பழி தீர்ப்பாள் என்று மூத்தவள் எதிர்பார்த்தாள். ஒருவகையில் விரும்பினாள் என்றுகூடச் சொல்லலாம். ஏடு அப்படியே இருந்தது. தப்பு இருந்தால் தப்பு, இல்லாவிட்டால் இல்லை. ஒரு நாள், ‘மேல்தாடை எக்ஸ்ரே: முதல் முறையிலேயே சரியாக எடுத்தார்’ என்று எழுதியிருந்தாள். மூத்தவள் அதைக் கழிவறையில் தாழ் போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தாள்.

செய்முறைத் தேர்வில் அவள் முதலாவதாக வந்தாள். எழுத்துத் தேர்வில் நான்கு மார்க்கில் கோட்டைவிட்டாள். மறுபடி எழுதித் தேறினாள். பதிவு எண் வந்தபோது முதலில் செய்த காரியம், தன் எண் இளையவளின் எண்ணைவிட எத்தனை தள்ளியிருக்கிறது என்று கழித்துப் பார்த்ததுதான். எட்டாயிரத்துச் சொச்சம். அதற்கும் கொஞ்சம் எரிந்தது. மனசு ஒரே நாளில் திருந்திவிடுமா என்ன?

இளையவள் கல்லூரியில் சேர்ந்து நாலு மாசம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியிலிருந்து இறங்கி வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

“வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வு. நோயாளியை நாங்களேதான் கூட்டிட்டுப் போகணும். நல்லா காரை படிஞ்ச வாயா இருக்கணும்.” கொஞ்சம் தயங்கினாள். “உங்க வாய் மாதிரி.”

பதிமூன்று வருஷம் அடுத்தவர் பல்லையே பார்த்தவள் தன் பல்லைக் கவனித்ததில்லை. மூத்தவளுக்குக் கோபம் வரவேண்டியது, சிரிப்பு வந்துவிட்டது. “எத்தனை மணிக்கு?” என்றாள்.

கல்லூரியின் நீளமான கூடத்தில் பன்னிரண்டு நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் யாரோ ஓர் அம்மாவோ மாமாவோ வாயைத் திறந்துகொண்டு கிடந்தார்கள். மூத்தவளுக்கு இந்த நாற்காலியில் படுப்பது இதுதான் முதல் தடவை. கண்ணுக்கு மேலே இளையவளின் முகம் தலைகீழாகத் தெரிந்தது. புது அங்கி, மார்பில் கல்லூரிச் சின்னம்.

கருவி ஈறில் பட்டது. இறகு பட்டதுபோல் இருந்தது. ஒவ்வொரு பல்லாக, அவசரமில்லாமல், விரல் எங்கே ஊன்ற வேண்டுமோ அங்கே ஊன்றி, சுரண்டல் சத்தம் ஒரே சீராக வந்தது. இத்தனை வருஷம் எத்தனை கைகளைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்! டாக்டரம்மாவின் கைகூட இவ்வளவு லேசு இல்லை. ‘பாவி, இந்தக் கை எனக்கு வாய்ச்சிருக்கக் கூடாதா!’ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அடங்கிவிட்டது என்று நினைத்த பழைய எரிச்சல் நாற்காலியில் படுத்த படுக்கையிலேயே குபுகுபுவென்று ஏறியது. சொல்லித் தொலைக்க வாயும் காலியாக இல்லை.

அரை மணி ஆயிற்று. இளையவள் கருவியைத் தட்டில் வைத்தாள். தேர்வாளர் இரண்டு நாற்காலி தள்ளி நின்றார். கையில் நீளமான ஆய்வு ஊசி, மார்க் போடும் தாள்.

மூத்தவள் நாக்கால் வாய்க்குள் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். எல்லாம் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது. கீழ் வரிசை இடப்பக்கம், கடைசிப் பல்லின் உட்புறத்தில் மட்டும் நாக்கு சொரசொரப்பாக ஒன்றில் தட்டியது.

தேர்வாளர் அடுத்த நாற்காலிக்கு வந்துவிட்டார். சும்மா படுத்திருந்தால் போதும். யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

“ஆ” என்றாள் மூத்தவள்.

“என்னக்கா? வாய் வலிக்குதா?”

மூத்தவள் கண்ணை இடப்பக்கம் உருட்டினாள். நாக்கைக் கடைசிப் பல்லில் முட்டி முட்டிக் காட்டினாள். “ஆ... ஆ!”

இளையவளுக்குப் பிடிபட்டது. சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண் ஒரு நொடி பெரிதானது. கருவியை எடுத்தாள். நாலே சுரண்டல். அவள் கையை எடுப்பதற்கும் தேர்வாளர் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. அவர் ஊசியால் ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தார், கடைசிப் பல்லின் உட்புறத்தில் இரண்டு தடவை. மார்க் எழுதிக்கொண்டு நகர்ந்தார்.

வெளியே வந்து நடக்கும்போது இளையவள்தான் முதலில் பேசினாள். “அதை விட்டிருந்தா பத்து மார்க் போயிருக்கும்கா.”

“நாக்குல உறுத்துச்சு” என்றாள் மூத்தவள்.

கொஞ்ச தூரம் சும்மா நடந்தார்கள். மாதக் கணக்காக இருந்த மௌனம் அல்ல இது; அடுத்து யார் பேசலாம் என்று பார்க்கிற மௌனம்.

“ஏம்மா, இந்தப் படிப்புக்கு வயசு வரம்பு ஏதாவது வச்சிருக்காங்களா?” என்று கேட்டாள் மூத்தவள்.

“இல்லையே. மூணு வருஷ அனுபவம் வேணும், பதிவு எண் வேணும். ஏன்க்கா, யாருக்கு?”

மூத்தவள் வழுவழுப்பான பல்லை நாக்கால் தடவிக்கொண்டே நடந்தாள். இளையவள் விஷயத்தைப் புரிந்துகொண்டு நின்றுவிட்டாள். “நீங்களா? நீங்களும் வரப் போறீங்களா?” என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் அந்தச் சிரிப்புக்குள்ளே, கண்ணோரத்தில், சின்னதாக ஒன்று சுருக்கென்று ஓடி மறைந்தது.

அதை வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தனக்குப் பழகிய அந்த எரிச்சலை அடையாளம் காண மூத்தவளுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. வயிறு குளிர்ந்துபோனது அவளுக்கு. “பஸ் வருது, வா” என்று இளையவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.